பங்குக் கிணற்றுக் காணியில் பிளாஸ்டிக் மலக்கழிவுத் தாங்கி: வாங்கிப் பூட்டியபின் என் மதிப்பீடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாங்கி நல்லது. பூட்ட வந்தவர்களின் வேலை அரைகுறை. விற்கும்போது சொல்லுகிற கதையில் பாதியை நம்பக் கூடாது. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன், அந்த அரையும் பிறகு வந்து திருத்தித் தந்த எங்கள் மேசனுக்குத்தான் சேர வேண்டும்.

எந்தக் கொம்பனி என்று போடவில்லை. பூட்ட வந்தவர்கள் முகவரின் ஆட்கள். குறை வார்த்தவருடையதா முகவருடையதா என்று பிரித்துப் பார்க்க முடியாதபோது பெயரை இழுப்பது நியாயமில்லை. இந்த வகைத் தாங்கிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அமைப்புத்தான். கீழே எழுதுவது எதை வாங்கினாலும் பொருந்தும்.

யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியில், உரும்பிராயில் மகளுக்குச் சீதனமாக எழுதிய இரண்டு பரப்புக் (ஏறத்தாழ 500 சதுர மீற்றர்) காணியில் வீடு கட்டினோம். காணியோடு ஒரு பங்குக் கிணறும் வந்தது. உறுதியில் கிணற்றில் நாலில் ஒரு பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் என்று அழகாக எழுதியிருக்கிறது. கிணற்றுக்கு யார் எந்தப் பக்கத்தால் போவது, எந்த வாய்க்காலால் தண்ணீர் பாய்ச்சுவது என்பதெல்லாம் எங்கள் முன்னோர் சண்டை பிடித்துப் பிடித்தே ஒழுங்காக எழுதிவைத்த விஷயங்கள். ஆனால் பங்காளி ஒருவர் தன் மலகூடக் குழியைக் கிணற்றுக்கு எவ்வளவு கிட்டக் கிண்டலாம் என்று எந்த உறுதியிலும் ஒரு வரி கிடையாது. உறுதி எழுதிய காலத்தில் அப்படி ஒரு குழியே காணிக்குள் இருந்திருக்காது என்பது வேறு கதை.

வலிகாமத்தில் இருக்கிறவர்களுக்கு இது ஏன் பெரிய விஷயம் என்று விளக்கத் தேவையில்லை. வெளியில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. ஒக்ரோபரில் இருந்து டிசம்பர் வரை பெய்கிற மழைதான் எங்கள் முதல். அது செம்மண்ணால் இறங்கி, அடியில் உள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் போய்த் தங்குகிறது. அந்த நன்னீர், கீழே உள்ள உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்பும் இருப்பது அதனால்தான். மணல் நிலத்தில் அழுக்குத் தண்ணீர் மெல்ல மெல்லக் கசிந்து, போகிற வழியில் கொஞ்சமாவது வடிபடும். சுண்ணாம்புக்கல்லில் வெடிப்பு ஒன்று அகப்பட்டால் நேரே போய்விடும். உங்கள் வளவில் விட்டது பக்கத்து வளவுக் கிணற்றில் வரும். கிணறு உங்களுடையது என்றாலும் அதிலுள்ள தண்ணீர் ஊருடையது.

பழைய முறை என்னவென்று எல்லோருக்கும் தெரியும். பத்தடிக்குக் கிண்டு, பாறை வந்தால் உடைத்துக்கொண்டு போ, சுற்றிவரக் கல்லை இடைவெளி விட்டு அடுக்கு, அடியைத் திறந்துவிடு, மேலே சிலாப்பைப் போட்டு மூடு. “இருபது வருசமா எடுக்கேல்ல ரீச்சர், இன்னும் நிரம்பேல்ல” என்று பெருமையாகச் சொல்வார்கள். நிரம்பாமல் அது எங்கே போனது என்று கேட்டால் சிரிப்பார்கள்.

நாங்கள் பிரதேச சபைக்கு வீட்டு வரைபடம் கொடுத்தபோது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் காணி பார்க்க வந்தார். இளம்பிள்ளை, என்னிடம் படித்தவரின் தம்பி. இருந்தாலும் இம்மியும் இளகவில்லை. கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி என்று நின்றார். சரி, எங்கள் பங்குக் கிணற்றில் இருந்து 50 அடிக்கு மேல் வருகிற இடம் பின்வளவில் இருக்கிறதே என்று காட்டினேன். அவர் ரேப்பின் ஒரு நுனியை என் மகனிடம் கொடுத்துவிட்டு, மற்ற நுனியோடு கிளுவை வேலிக்குள்ளால் குனிந்து அடுத்த வளவுக்குள் போய்விட்டார். அங்கே வேலியோரம் அவர்களுடைய கிணறு. அளந்தால் 38 அடி.

“உங்கட கிணத்துக்கு மட்டுமில்லை ரீச்சர். சுத்திவர இருக்கிற எல்லாக் கிணத்துக்கும்தான் அளக்கோணும்.”

இரண்டு பரப்புக் காணியில், சுற்றிவர நாலு கிணறு இருக்கிற ஒழுங்கையில், எல்லாவற்றுக்கும் 50 அடி தள்ளி ஓர் இடம் கண்டுபிடிப்பது எப்படியென்று கடதாசியில் கவராயத்தால் வட்டம் வட்டமாகக் கீறிப் பார்த்தேன். மிஞ்சியது ஒரே ஒரு துண்டு, வீட்டின் முன்முற்றத்தில் கேற்றுக்குப் பக்கத்தில். என் கணவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. “வீட்டு வாசல்ல கக்கூசுக் குழியோ? சனம் என்ன சொல்லும்?” வாஸ்து பார்க்க வந்த ஐயா வேறு தலையை ஆட்டிவிட்டுப் போனார். மாமி மட்டும்தான் என் பக்கம். “சனம் வாசலைப் பாத்திட்டுப் போகும், தண்ணியக் குடிக்கிறது நாங்கள்” என்றார். தாங்கி இப்போது முன்முற்றத்தில்தான் இருக்கிறது. மேலே செவ்வரத்தைச் சாடிகள் வைத்திருக்கிறோம். கேற்றுக்குக் கிட்ட இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

இனிச் சாமானுக்கு வருவோம். நாங்கள் வாங்கியது 2,000 லீற்றர், கறுப்பு நிறம், உருளை வடிவம், சுற்றிவர வளையம் வளையமாக விலா வைத்து வார்த்தது. உள்ளே ஒரு தடுப்பு. மேலே ஆள் கை விட்டுப் பார்க்கக்கூடிய திருகு மூடிகள் இரண்டு. விலை ஓர் இலட்சத்தைத் தாண்டியது. ஏற்றுக்கூலி வேறு. பொருளில் குறை சொல்ல முடியாது. மூடியைத் திறந்து உள்ளே ரோச் அடித்துப் பார்த்தேன், வார்ப்பில் மெல்லிய இடமோ ஊசித்துளையோ இல்லை. வாங்குகிறவர்கள் கட்டாயம் இப்படிப் பார்க்க வேண்டும், முக்கியமாகக் குழாய் பூட்டும் துளைகளைச் சுற்றி. கடையில் நிறுத்திவைத்த ஒன்றில் அந்த இடத்தில் மயிரிழை வெடிப்பு ஒன்று கண்டேன். வெயிலில் கனகாலம் கிடந்ததாக இருக்கலாம். அதை விட்டுவிட்டு நிழலில் இருந்ததை எடுத்தோம்.

சீமெந்துக் கல்லில் கட்டுகிற தாங்கியோடு ஒப்பிட்டால் இதன் பெரிய வசதி ஒழுகாது என்பதுதான். மேசன்மார் கட்டுகிறவற்றில் உள்ளே இரண்டு பூச்சுப் பூசி, நீர்புகாப் பூச்சும் அடித்து, தண்ணீர் நிறைத்து ஒரு நாள் விட்டு மட்டம் இறங்குகிறதா என்று பார்த்தால்தான் நம்பலாம். யார் அப்படிச் செய்கிறார்கள்? அடியைப் பூசாமல் விடும்படி வீட்டுக்காரரே கேட்பதுண்டு, அடிக்கடி எடுக்கத் தேவையில்லை என்று.

இறக்கிப் பூட்டிய கதைதான் கரைச்சல். செம்மண் மூன்றடியோடு முடிந்தது. அதற்குக் கீழே பாறை. கல்லுடைக்கிற மெசின் பிடித்து இரண்டு பேர் நின்று உடைத்தார்கள். பாறை உடைத்த கூலி தாங்கியின் விலையில் பாதியை நெருங்கியது. செலவு கணக்குப் போடுகிறவர்கள் இதைச் சேர்த்துப் போடுங்கள், விற்கிறவர் சொல்ல மாட்டார். உடைத்த குழியின் அடியில் கூர்க்கல் நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் நேரே பிளாஸ்டிக்கை வைத்தால் நிறை ஏறும்போது குத்திக் கிழிக்கும். அரையடிக்கு மணல் பரப்பி மட்டம் பார்க்க வேண்டும், அல்லது மெல்லிய கொங்கிறீற் போட வேண்டும். முகவரின் ஆட்கள் இரண்டும் இல்லாமல் இறக்கப் பார்த்தார்கள். நான் நின்றபடியால் மணல் வந்தது.

அடுத்தது இன்னும் மோசம். அது ஐப்பசி மாதம், மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. வெறுந்தாங்கியை இறக்கிவிட்டு, சுற்றி மண் போடாமல், “நாளைக்கு வாறம்” என்று புறப்பட்டார்கள். பாறைக்குள் வெட்டிய குழியில் மழைத்தண்ணீர் தேங்கினால் உடனே வற்றாது. தண்ணீர் தேங்கினால் வெறுந்தாங்கி மிதக்கும். மிதந்தால் பூட்டிய குழாயெல்லாம் பிடுங்கிக்கொண்டு வரும். இறக்கியவுடன் தாங்கிக்குள் தண்ணீர் நிறைத்து, உள்ளே நிறைக்க நிறைக்க வெளியிலும் மணல் போட்டு அணைத்துக்கொண்டு வர வேண்டும் என்று அவர்களுடைய சொந்தக் கையேட்டிலேயே படம் போட்டிருக்கிறது. அதை விரித்துக் காட்டினேன். “ரீச்சர், நாங்கள் எத்தினை பூட்டினனாங்கள்” என்றார் மூத்தவர். பதில் சொல்லாமல் மோட்டரைப் போட்டு ஹோஸைத் தாங்கிக்குள் விட்டேன். அன்றிரவு நல்ல மழை.

எல்லாம் மூடி முடிந்தபின் எங்கள் மேசன் அண்ணை மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார், வெளிவாயில் ரீ (T) எங்கே என்று. இது சின்னச் சாமான்தான், ஆனால் தாங்கி வேலை செய்வதே இதனால்தான். தாங்கிக்குள் கனமானது அடியில் சேறாகப் படியும். எண்ணெய், கொழுப்பு எல்லாம் மேலே ஆடையாக மிதக்கும். நடுவில் ஓரளவு தெளிந்த தண்ணீர் நிற்கும். வெளிக்குழாயின் வாயில் ரீ வடிவத் துண்டைப் பூட்டி, அதன் காலை நடுப்பகுதிவரை இறக்கினால் அந்தத் தெளிந்த தண்ணீர் மட்டும் போகும். ரீ இல்லையென்றால் மேலே மிதக்கிற ஆடை நேரே வெளியே போய், தாங்கித் தண்ணீர் மண்ணில் இறங்குகிற ஊறுகுழியின் கல்லிடைவெளியை அடைத்துவிடும். சில நூறு ரூபாய்ச் சாமான். பெட்டிக்குள் இருந்திருக்கிறது, பூட்டவில்லை. முகவருக்குப் போன் எடுத்தால் “ஆளனுப்புறன்” என்றார், பிறகு எடுப்பதே இல்லை. மேசன் அண்ணைதான் பூட்டினார். காற்றுக்குழாயின் வாயில் நுளம்பு வலையும் அவரே கட்டினார்.

இப்போது விற்கும்போது சொல்லுகிற அந்தக் கதைக்கு வருகிறேன். கடையில் எனக்குச் சொன்னவை மூன்று. இந்தத் தாங்கி வைத்தால் கிணற்றுக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். பற்றீரியாப் பொடி மாதம் ஒருமுறை போட்டால் எடுக்கவே தேவையில்லை. வெளியே வருகிற தண்ணீர் “கிளீன் வோட்டர்”.

நான் இரசாயனவியல் படிப்பித்தவள், இதைக் கேட்டுவிட்டுச் சும்மா வர முடியவில்லை. பொடி தேவையில்லை, வேண்டிய பற்றீரியாவெல்லாம் மலத்திலேயே இருக்கிறது. எடுக்கவே தேவையில்லை என்பது பொய். சேறு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறினால் தண்ணீர் தெளிய இடமில்லை, எடுத்தே ஆக வேண்டும். தண்ணீர் சுத்தம் என்பது எல்லாவற்றிலும் பெரிய பொய். கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் கிருமி இருக்கிறது. அதைவிட நைதரசன் அப்படியே இருக்கிறது. சலத்தில் உள்ள யூரியா தாங்கிக்குள் அமோனியமாக மாறும். காற்றில்லாத தாங்கிக்குள் அது அமோனியமாகவே நிற்கும். வெளியே வந்து காற்றோட்டமுள்ள மண்ணில் ஊறும்போதுதான் மண் பற்றீரியாக்கள் அதை நைத்திரேற்றாக்கும். நைத்திரேற்று மண்ணில் ஒட்டாது. தண்ணீர் போகிற இடமெல்லாம் கூடவே போகும், கடைசியில் கிணற்றுக்கு வரும். ஒழுகாத தாங்கி கட்டியானதை நிறுத்திவிடும், கிருமியைக் குறைக்க மண்ணுக்கு உதவும். நைத்திரேற்றை அது நிறுத்துவதில்லை. தாங்கி வைத்துவிட்டோம், இனி 50 அடி தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

குடிதண்ணீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். முக்கியமாக ஆறு மாதத்துக்கு உட்பட்ட, போத்தல் பால் குடிக்கிற குழந்தைகளுக்கு ஆபத்து. இரத்தம் ஒட்சிசன் காவும் திறனை இழந்து உடம்பு நீலம் பாரிக்கும். கொதிக்கவைத்தால் போகும் என்று எங்கள் அம்மாமார் நினைக்கிறார்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று கூடும். தண்ணீர் ஆவியாகிவிடும், அது அங்கேயே நிற்கும்.

அப்படியானால் என்ன செய்தோம்? தாங்கியில் இருந்து வருகிற தண்ணீருக்குப் பத்தடி ஊறுகுழி வேண்டாம் என்று தீர்மானித்தோம். ஆழமாகப் போகப் போகப் பாறையும் நிலத்தடித் தண்ணீரும் கிட்ட வரும். மாரியில் கிணற்று மட்டம் ஏறுகிறபோது குழியின் அடி தண்ணீருக்குள்ளேயே நிற்கலாம். அதற்குப் பதிலாக மூன்றடிக்குள், செம்மண்ணுக்குள்ளேயே, மதிலோரம் நீளமாக ஒரு வாய்க்கால் வெட்டிக் கல்லு நிறைத்து, துளையிட்ட பீவீசி பைப்பைப் படுக்கவைத்து மூடினோம். இரண்டு பக்கமும் வாழை. பார்க்கிறவர்கள் பெருமூச்சு விடும் அளவுக்கு வாழை தளதளவென்று நிற்கிறது. நைதரசனில் ஒரு பங்கை அது எடுக்கிறது, முழுவதையும் எடுக்கும் என்று சொல்ல மாட்டேன். மாரியில் மண் நனைந்து நிற்கும்போது வாழை குடிப்பதும் குறைவு. ஆனாலும் பத்தடிக் குழியில் ஒன்றுமே எடுபடாது.

பரிசோதகரும் இந்த வாய்க்காலைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். சபையில் சில இடங்களில் குழியின் படம்தான் கேட்பார்கள், வாய்க்காலைக் கீறிக் கொடுத்தால் முழிப்பார்கள் என்று மற்றவர்கள் சொல்லக் கேட்டேன். வரைபடம் கீறுபவரிடம் முன்னமே சொல்லி, வாய்க்காலின் நீளம், ஆழம், ஒவ்வொரு கிணற்றுக்குமான தூரம் எல்லாம் படத்திலேயே எழுதுவித்துவிடுங்கள்.

இதெல்லாம் எங்கள் வீட்டுக்கு. மற்ற மூன்று பங்காளிகள் பழைய குழியோடுதான் இருக்கிறார்கள். சட்டம் புது வீட்டுக்காரனைப் பிடிக்கிறது, முப்பது வருடத்துக்கு முந்திய குழியை யாரும் வந்து அளப்பதில்லை. இது எனக்குள்ள பெரிய மனக்குறை. ஒரு கிணற்றுக்கு நாலு பங்கு இருக்க, ஒரு பங்கு மட்டும் ஒழுங்காக நடந்து என்ன பயன்? ஆகவே வீடு குடிபுகுந்த கையோடு பங்காளிகளைக் கூப்பிட்டு, பலகாரமும் தேத்தண்ணியும் கொடுத்துக் கதைத்தோம். முன்வீட்டு அண்ணை தோட்டக்காரர். வெங்காயமும் புகையிலையும் செய்கிறவர். எடுத்த எடுப்பில் என்னைப் பார்த்துச் சொன்னார்: “ரீச்சர், உங்கட கக்கூசை விட என்ர யூரியாதானே கூட?”

அவர் சொன்னது சரி. வலிகாமக் கிணறுகளின் நைத்திரேற்றுக்குத் தோட்டத்துப் பசளையும் முக்கிய காரணம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. 2021இல் அரசாங்கம் இரவோடிரவாக இரசாயன உரத்தைத் தடை செய்தபோது அண்ணை பட்ட பாட்டைப் பார்த்தவள் நான், தோட்டக்காரரிடம் உரம் போடாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. மழைக்கு முதல்நாள் போடாமல், ஒரேயடியாகக் கொட்டாமல், பயிர் எடுக்கிற நேரம் பார்த்துப் பிரித்துப் பிரித்துப் போடலாம் என்றேன். காசும் மிச்சம் என்றதும் ஒத்துக்கொண்டார்.

பிறகு ஒரு சிஆர் கொப்பியில் எழுதினோம். உறுதியில் இல்லாததை நாங்களே எழுதுவோம் என்று மாமிதான் தொடக்கிவைத்தார். மருந்தடிக்கிற ராங்கியைக் கிணற்றடியில் கழுவுவதில்லை. உரப்பையைக் கிணற்றடிக் கொட்டிலில் வைப்பதில்லை. ஆடு கட்டுவது வேலியின் மற்றப் பக்கம். கிணற்றடிச் சீமெந்து வெடித்தால் நாலு பங்காகக் காசு போட்டு உடனே பூசுவது, ஏனென்றால் குளிக்கிற, உடுப்புத் தோய்க்கிற தண்ணீர் அந்த வெடிப்பால்தான் திரும்ப உள்ளே போகிறது. எந்தப் பங்காளியாவது மலகூடம் திருத்தினால் பழைய குழியை மூடி ஒழுகாத தாங்கிக்கு மாற வேண்டும். கடைசி விதிக்குத்தான் வாக்குவாதம். செலவு என்று இழுத்தார்கள். மூன்றாவது பங்காளி கையெழுத்து வைக்க முதல் வெளிநாட்டில் உள்ள மகனிடம் போனில் கேட்டார். மகன் அங்கிருந்தே “வையுங்கோ அப்பா” என்றான்.

மண்ணெண்ணெய் மெசினைப் பற்றியும் ஒரு வரி எழுதினோம். இறைக்கிற மெசினைக் கிணற்றுக் கட்டில் வைத்து எண்ணெய் ஊற்றும்போது சிந்துவது சாதாரணமாகப் போய்விட்டது. இப்போது அடியில் தட்டம் வைக்க வேண்டும். இதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. சுன்னாகம் எங்களுக்குக் கிட்ட. அங்கே அனல்மின் நிலையத்து எண்ணெய்க் கழிவு கிணறுகளுக்கு வந்தபோது சனம் தண்ணீர் பவுசருக்கு வரிசையில் நின்றதை எல்லோரும் கண்டிருக்கிறோம். அந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. மாசு படுத்தியவனே பணம் கட்ட வேண்டும் என்ற கொள்கை. நல்ல தீர்ப்புத்தான். ஆனால் கிணற்றுக்குக் கிணறு பிரித்தால் ஒரு வீட்டுக்கு என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், பாறைக்குள் போன எண்ணெயைத் திரும்ப எடுக்க அது காணுமா?

தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறந்தாயிற்று, ஒரு நாளைக்கு 24,000 கனமீற்றர், குழாய்த் தண்ணீர் வரப்போகிறது, இனிக் கிணற்றைப் பற்றி என்ன கவலை என்று கேட்பவர்களும் உண்டு. குழாயில் வருவதைக் குடிக்கலாம். வெங்காயத்துக்கு யார் கடல்நீர் சுத்திகரித்து இறைப்பார்கள்? குளிக்க, தோய்க்க, ஆட்டுக்கு, வாழைக்கு எல்லாம் கிணறுதான்.

தண்ணீரைப் பரிசோதித்தீர்களா என்று கேட்பீர்கள். நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்தோம். போத்தலை எப்படிக் கழுவி நிரப்புவது, கிருமிப் பரிசோதனைக்கு ஐஸ் பெட்டியில் எவ்வளவு நேரத்துக்குள் கொண்டுவருவது என்று பொறுமையாகச் சொல்லித் தந்தார்கள். தாங்கி வைத்தபின் நைத்திரேற்று குறைந்ததா என்றால், அதை ஒரு தாங்கியால் ஒரு வருடத்தில் காட்ட முடியாது. பாறைக்குள் ஏற்கெனவே போனது இருக்கிறது, நாலு பங்கில் மூன்று பங்கு இன்னும் பழைய குழி. விளம்பரத்தில் “முன்”, “பின்” என்று இரண்டு இலக்கம் போட்டுக் காட்டுகிறவர்களை நம்ப வேண்டாம். கோடையில் ஒருமுறை, மாரி முடிந்து தையில் ஒருமுறை எடுத்துக் கொப்பியில் எழுதிக்கொண்டே போங்கள்.

கேற்றுக்குக் கிட்ட இருப்பதன் நன்மை இதுதான். எங்கள் ஒழுங்கை குறுகல், கழிவு எடுக்கிற பவுசர் உள்ளே வராது. முகப்பில் நிறுத்தி ஹோஸ் நீட்டினால் முன்முற்றம்வரை எட்டுகிறது, பின்வளவுக்கு எட்டாது. பின்வளவில் வைத்த பக்கத்து வீட்டார் இரண்டாவது ஹோஸ் துண்டுக்கு வேறாகக் காசு கொடுத்தார்கள். பவுசர்க்காரரிடம் எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறீர்கள் என்று நான் கேட்காமல் விடுவதில்லை. முகத்தைச் சுளித்தாலும் கேளுங்கள். உங்கள் வளவில் இருந்து எடுத்ததை இன்னொரு ஊர்த் தரவையில் ஊற்றினால் தாங்கிக்குக் கொடுத்த ஓர் இலட்சமும் வீண்.

வாங்கப் போகிறவர்களுக்கு: பாறை மேலேயே இருக்கிற காணியென்றால் நின்ற வடிவத் தாங்கியை விடப் படுத்த வடிவம் எடுங்கள், உடைக்கிற ஆழம் குறையும். உள்வாய்க்கும் வெளிவாய்க்குமான ரீ இரண்டும் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கடையிலேயே எண்ணுங்கள். பூட்டுகூலியில் பாதியை, தண்ணீர் நிறைத்து மணல் அணைத்து முடிந்தபின் கொடுங்கள். திருகு மூடிக்கு மேல் சிலாப் போட்டுச் சீமெந்தால் பூசிவிடாதீர்கள். எங்கள் மூடியில் செவ்வரத்தைச் சாடி இருக்கிறது, இரண்டு பேர் பிடித்தால் தூக்கலாம்.